மன்னரின் பெண்பால்

1829-ஆம் ஆண்டு. எகிப்தில் நைல் நதியின் மேற்குக் கரையில், டெய்ர் எல்-பாஹ்ரி என்ற இடத்தில், செங்குத்தான பாறையின் அடிவாரத்தில் இடிபாடாகக் கிடந்த பழங்கோயில் ஒன்றின் சுவர்களை ஷாம்போலியன் படித்துக்கொண்டிருந்தார். எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்கும் வழியை அவர் உலகுக்குச் சொல்லி ஏழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சுவரில் ஒரு மன்னரின் உருவம். தாடையில் ஒட்டுத்தாடி, தலையில் மன்னர்களுக்குரிய அணி, இடையில் குட்டை ஆடை. எல்லாமே ஆண் மன்னருக்கு உரியவை. ஆனால் பக்கத்தில் இருந்த எழுத்துகளைப் படித்தபோது அவருக்குக் குழப்பம் வந்தது. அந்தத் தாடி வைத்த மன்னரைக் குறிக்கும் பெயர்ச்சொற்களும் வினைச்சொற்களும் பெண்பாலில் இருந்தன.

எகிப்திய மொழியில் பெண்பால் விகுதி ‘த்’ என்கிற ஒற்றை ஒலி. மகன் என்றால் ‘ஸா’. மகள் என்றால் ‘ஸாத்’. எழுத்தில் அது ஒரு சிறிய அரைவட்டம். ரொட்டியின் வடிவம் என்பார்கள். பாறையில் வெட்டும்போது ஒரு விரல் நகமளவு இடம்கூட அதற்குப் போதும். ஷாம்போலியனைத் திகைக்க வைத்தது அந்த அரைவட்டம்தான். சுவரில் பல இடங்களில் மன்னரின் பெயர் கொத்தி அகற்றப்பட்டு, அங்கே வேறு ஆண் மன்னர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டிருந்தன. உருவமும் பெயரும் ஆணாகிவிட்ட பிறகும் சுற்றியிருந்த இலக்கணம் பெண்ணாகவே நின்றது.

அந்தப் பெண் ஹட்செப்சுட். பதினெட்டாம் வம்சத்தைச் சேர்ந்தவள். கி.மு. 15ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் எகிப்தை ஆண்டவள்.

‘ஆண்டவள்’ என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். வகுப்பில் மாணவிகள் விடைத்தாளில் அரசிகளை ‘அவர்’ என்றுதான் எழுதுவார்கள். நானும் அப்படித்தான் திருத்தித் தந்திருக்கிறேன். மரியாதை தரும்போது தமிழில் பால் மறைந்துவிடுகிறது. ஹட்செப்சுட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது அந்தப் பழக்கம் எனக்கு இடைஞ்சலாக இருந்தது. தன் பால் விகுதியைக் கல்லில் விடாமல் எழுதிவைத்தவளை ‘ஆர்’ விகுதி போட்டு மறைப்பது முறையாகப் படவில்லை. எனவே இந்தக் கட்டுரையில் அவள் அவள்தான். சமன்பாட்டுக்காக அவள் வீட்டு மன்னர்களும் அவன்கள்தான்.

அவளுடைய வாழ்க்கையைச் சொல்ல எளிய வழி, அவள் பெயரோடு தொடர்புடைய மூன்று கல்லறைகளின் வழியே நடந்து போவது. மூன்றும் மூன்று வேறு பெண்களுடையவை போலிருக்கும்.

மனைவிக்கு வெட்டிய கல்லறை

முதல் கல்லறை, மன்னர்களின் பள்ளத்தாக்குக்கு வெளியே, ஆள் நடமாட்டமில்லாத ஒரு வாடியில் இருக்கிறது. மழை பெய்தால் மட்டும் நீரோடும் காய்ந்த மலையிடுக்கைத்தான் அங்கே வாடி என்கிறார்கள். பாறை முகப்பின் நடுவே, கீழிருந்தும் மேலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிளவுக்குள் அதன் வாசல். 1916-இல் ஹோவார்ட் கார்ட்டர் அதைக் கண்டுபிடித்தார்; பின்னாளில் துத்தன்காமுன் கல்லறையைத் திறந்த அதே கார்ட்டர். கல்லறைத் திருடர்கள் முந்திக்கொண்டார்கள் என்று செய்தி வர, நள்ளிரவில் மலையேறி, திருடர்களின் கயிற்றை அறுத்துவிட்டு, தன் கயிற்றில் தொங்கி உள்ளே இறங்கினார். உள்ளே எட்டுப் பேர் தோண்டிக்கொண்டிருந்தார்கள். திருடர்களுக்கும் கார்ட்டருக்கும் கிடைத்தது ஒன்றுதான்: வேலை முடியாத கல்லறையில் மஞ்சள் குவார்ட்சைட் கல்லால் ஆன ஒரு வெற்றுப் பேழை. அதன்மேல் ஹட்செப்சுட்டின் பெயர், மன்னனின் மகள், மன்னனின் சகோதரி, கடவுளின் மனைவி, மன்னனின் பட்டத்து மனைவி என்ற பட்டங்களோடு.

இந்தப் பட்டங்களே அவளுடைய முதல் பாதி வாழ்க்கை. முதலாம் துத்மோஸுக்கும் அவன் பட்டத்து மனைவி ஆமோஸுக்கும் பிறந்தவள். தந்தைக்குப் பிறகு அரியணை ஏறிய இரண்டாம் துத்மோஸ், தந்தையின் வேறொரு மனைவிக்குப் பிறந்தவன். எகிப்திய அரச வழக்கப்படி அந்த ஒன்றுவிட்ட சகோதரனுக்கு அவள் மனைவியானாள். நெஃபெரூரே என்றொரு மகள் பிறந்தாள். ‘ஆமுனின் மனைவி’ என்ற சமயப் பதவியும் அவளிடம் இருந்தது. அது வெறும் அலங்காரம் இல்லை. தனி நிலமும் தனிப் பணியாளர்களும் கொண்ட பதவி.

எகிப்திய மொழியில் நாம் ‘அரசி’ என்று மொழிபெயர்க்கும் சொல் ‘ஹெமெத் நெசுத்’. அதன் நேர்ப்பொருள் மன்னனின் மனைவி. தன் உரிமையில் ஆளும் பெண்ணுக்கு அந்த மொழியில் தனிச் சொல் கிடையாது. மகள், சகோதரி, மனைவி, தாய் என்று யாரோ ஒரு மன்னனோடு உறவு சொல்லித்தான் அரண்மனைப் பெண்ணைக் குறிக்க முடியும். முதல் கல்லறையின் பேழையில் இருக்கும் பட்டங்களைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ‘மன்னனின்’ அல்லது ‘கடவுளின்’ என்ற வேற்றுமை உருபு இருக்கிறது.

கி.மு. 1479 வாக்கில் இரண்டாம் துத்மோஸ் இறந்தான். அவனை அடக்கம் செய்தது ஹட்செப்சுட். அவன் கல்லறை 2025-இல்தான் அறிவிக்கப்பட்டது. அங்கே கிடைத்த வெண்பளிங்குச் சாடித் துண்டுகளில் இறந்த மன்னனின் பெயரும் பட்டத்து மனைவியான அவள் பெயரும் இருக்கின்றன. அரசப் பெண்களின் கல்லறைகள் இருக்கும் பகுதியில் கிடைத்ததால், யாரோ ஒரு மன்னனின் மனைவியுடையதாக இருக்கும் என்றுதான் ஆய்வாளர்கள் முதலில் நினைத்தார்கள்.

அவனுக்கு ஐசிஸ் என்ற இளைய மனைவியிடம் பிறந்த மகன் மூன்றாம் துத்மோஸ். அரியணை அவனுக்கு வந்தபோது சிறுவன். அந்தக் காலத்து அதிகாரி இனெனி தன் கல்லறைச் சுவரில் நடந்ததைப் பதிவு செய்திருக்கிறார்: மகன் தந்தையின் இடத்தில் நின்றான், நாட்டின் காரியங்களை ஹட்செப்சுட் நடத்தினாள். அதுவரை இதில் புதுமை ஏதுமில்லை. அவளுக்கு முன்பு ஆஹோதெப், ஆமோஸ்-நெஃபெர்தாரி போன்ற அரச குலப் பெண்களும் சிறுவர்களுக்காக நாட்டை நடத்தியிருக்கிறார்கள். பிள்ளை வளர்ந்ததும் ஒதுங்கிக்கொள்ளும் வரை பெண்ணின் அதிகாரத்தை எந்தச் சமூகமும் பொறுத்துக்கொள்ளும்.

ஹட்செப்சுட் ஒதுங்கவில்லை.

மன்னருக்கு வெட்டிய கல்லறை

மூன்றாம் துத்மோஸின் 7ஆம் ஆட்சியாண்டுக்குள் அவள் முழு மன்னர் பட்டங்களோடு ஆளத் தொடங்கிவிட்டாள். இதற்கான சான்று, ஹட்நோஃபெர் என்ற முதியவளின் அடக்க அறையில் கிடைத்தது. அவள் ஹட்செப்சுட்டின் நெருங்கிய அதிகாரியான செனென்முட்டின் தாய். அவளோடு புதைத்த சாடிகளில் ஒன்றில் 7ஆம் ஆண்டு என்று எழுதியிருக்கிறது. அதனுடன் இருந்தவற்றில் ‘மாத்காரே’ என்ற ஹட்செப்சுட்டின் மன்னர்ப் பெயர் முத்திரையாக இருக்கிறது. ஒரு பெண் மன்னரானதைக் கணக்கிட உதவியது இன்னொரு பெண்ணின் அடக்கம்.

பெண் ஒருத்தி மன்னராவது அதற்கு முன்னும் நடந்திருக்கிறது. பன்னிரண்டாம் வம்சத்தின் முடிவில் சோபெக்நெஃபெரு ஆண்டாள். ஆனால் அது வாரிசு அற்றுப்போன நெருக்கடியின் போது. ஹட்செப்சுட் ஆண்டது நாடு செழித்திருந்த காலத்தில், ஆண் வாரிசு உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கும்போது. அதற்கு மொழியும் உருவமும் அவளே உண்டாக்க வேண்டியிருந்தது.

தொடக்கக் காலச் சிலைகளில் பெண்ணுடல் தெரிகிறது. தலையில் மட்டும் மன்னரின் அணி. பிறகு மார்பு தட்டையாகிறது, தாடி வருகிறது, தோள்கள் அகலமாகின்றன. எகிப்திய ஓவியத்தில் பெண்ணுக்கு மஞ்சள் தோல், ஆணுக்குச் செம்மண் நிறத் தோல் என்பது மரபு. டெய்ர் எல்-பாஹ்ரியின் சிலைகளில் அவள் முகம் மஞ்சளில் தொடங்கி, இடைப்பட்ட ஒரு ஆரஞ்சு நிறம் வழியாகச் சிவப்புக்கு வந்து சேர்கிறது. இதைப் பார்த்து அவள் ஆண்வேடம் போட்டு ஊரை ஏமாற்றினாள் என்று எழுதியவர்கள் உண்டு. அவள் பெண் என்பது அரண்மனைக்கும் கோயிலுக்கும் தெரியாத ரகசியம் அல்லவே. அவள் பெயருக்கே ‘மேன்மக்களான பெண்களில் முதல்வள்’ என்றுதான் பொருள். தாடி என்பது ஆணின் தாடி அல்ல, பதவியின் தாடி. ஆண் மன்னர்களும் அதைக் கட்டிக்கொண்டுதான் நின்றார்கள்.

உருவத்தில் விட்டுக்கொடுத்தவள் சொல்லில் விட்டுக்கொடுக்கவில்லை. மன்னர்களின் பட்டங்களில் வழக்கமாக வரும் ‘வலிய காளை’ என்பதை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. ‘ரே கடவுளின் மகன்’ என்பது ‘ரேயின் மகள்’ ஆனது. அவளுடைய பட்டப் பெயர்களில் வலிமை, செழிப்பு, தெய்வத்தன்மை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் அந்த அரைவட்டத்தோடு வருகின்றன. டெய்ர் எல்-பாஹ்ரி கோயிலில் அவள் பிறப்பைச் சொல்லும் சிற்பத்தொடர் இருக்கிறது. ஆமுன் கடவுள் தந்தையின் உருவில் தாயிடம் வருகிறார். குயவர் கடவுளான க்னும் சக்கரத்தில் குழந்தையை வனைகிறார். சக்கரத்தின் மேல் இருப்பது ஆண் குழந்தை. ஆனால் கடவுள் அந்தக் குழந்தையிடம் பேசும் சொற்கள் பெண்பாலில் இருக்கின்றன. சிற்பிக்குத் தெரிந்த வடிவம் ஒன்றுதான். எழுத்தருக்கு இரண்டு இருந்தன.

ஆட்சியின் காரியங்கள் நிறைய. 9ஆம் ஆண்டில் செங்கடல் வழியாகப் பன்ட் நாட்டுக்குக் கப்பல்கள் போயின. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டிய நிலம் அது. அங்கிருந்து நறும்பிசின், தந்தம், பொன் இவற்றோடு வேரும் மண்ணுமாகக் கூடைகளில் மரங்களையும் கொண்டுவந்தார்கள். கர்னாக் கோயிலில் அவள் நிறுத்திய கல் ஊசிகளில் ஒன்று இன்றும் நிற்கிறது. ஏறத்தாழ 30 மீட்டர் உயரம், 300 டன்னுக்கும் மேற்பட்ட எடை, அஸ்வானில் வெட்டிய ஒரே கல். அதை வெட்டி முடிக்க 7 மாதம் ஆனது என்று அதன் அடியிலேயே எழுதியிருக்கிறாள்.

இதைப் பெண்மையின் பொற்காலம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கல்லை வெட்டியவர்களின், இழுத்தவர்களின் பெயர் எதுவும் அதில் இல்லை. அவள் ஆண்டதால் மற்ற பெண்கள் அமைச்சர்களாகவோ எழுத்தர்களாகவோ வந்துவிடவில்லை. அவளைச் சுற்றி இருந்த அதிகாரிகள் ஆண்கள்தான். பன்ட் நாட்டுச் சிற்பத்தில் அந்நாட்டு அரசி அத்தியின் பருத்த உடலை மடிப்பு மடிப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். பிற்கால ஆய்வாளர்கள் அந்த உடலுக்கு என்ன நோய் என்று பட்டியல் போட்டார்கள். ஹட்செப்சுட்டின் சொந்தச் சிலைகளோ எல்லாம் கொடியிடை. அதிகாரத்தில் இருக்கும் பெண்ணுக்குத் தன் உடலை விரும்பியபடி செதுக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அயலாளுக்கு அது இல்லை.

மன்னரானவள் வாடியின் கல்லறையை அப்படியே விட்டுவிட்டு, மன்னர்களின் பள்ளத்தாக்கில் தனக்கு இடம் எடுத்துக்கொண்டாள். ஆய்வாளர்கள் கே.வி. 20 என்று எண்ணிடும் அந்தக் கல்லறை, 200 மீட்டருக்கும் மேல் வளைந்து வளைந்து பூமிக்குள் இறங்குகிறது. 1903, 1904 ஆண்டுகளில் இதையும் கார்ட்டர்தான் துப்புரவு செய்தார். இறுகிப்போன இடிபாட்டைக் கொத்திக் கொத்தி, மூச்சுத் திணறும் காற்றில், வௌவால் எச்சத்தின் நடுவே அடி அறைக்குப் போனார்கள் தொழிலாளர்கள். அங்கே இரண்டு பேழைகள் இருந்தன. இரண்டுமே ஹட்செப்சுட்டுக்காகச் செய்தவை. ஆனால் ஒன்றை அவள் தந்தைக்குத் தந்துவிட்டாள். பெயரை மாற்றி, தந்தையின் சவப்பெட்டி கொள்ளும்படி உட்புறத்தைக் குடைந்து பெரிதாக்கியிருக்கிறார்கள்.

இறந்துபோன தந்தையைத் தன் கல்லறைக்குக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய தேவை என்ன? பாசம் இருக்கலாம். அதைவிடக் கூர்மையான காரணமும் தெரிகிறது. அவளுடைய உரிமை கணவன் வழியாக வந்தது அல்ல, தந்தை வழியாக வந்தது என்று அவள் எப்போதும் சொல்லிக்கொண்டே இருந்தாள். மனைவியாகப் பெற்றதைக் கணவன் இறந்ததும் பறிக்கலாம். மகளாகப் பெற்றதைப் பறிப்பது கடினம். சொத்து வழக்குக்காக நீதிமன்ற வாசலில் நின்ற எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கணக்கு புரியும்.

அந்த ஏற்பாடும் நிலைக்கவில்லை. மூன்றாம் துத்மோஸ் தன் தாத்தாவுக்கென்று வேறு கல்லறை அமைத்து அவன் உடலை அங்கே எடுத்துப் போனான். இரண்டு பேழைகளும் காலியாகக் கிடந்தன. இன்று ஒன்று கெய்ரோவில் இருக்கிறது, மற்றது அமெரிக்காவில் பாஸ்டன் அருங்காட்சியகத்தில்.

உளி எதைத் தேடியது

அவள் இறந்தது மூன்றாம் துத்மோஸின் 22ஆம் ஆட்சியாண்டு வாக்கில், கி.மு. 1458-ஐ ஒட்டி. அதன் பிறகு நடந்ததைப் பள்ளிப் பாடப் பாணியில் இப்படிச் சொல்வார்கள்: அதிகாரத்தைப் பறித்த மாற்றாந்தாய் செத்ததும், 20 ஆண்டுகள் அடங்கிக் கிடந்த இளைஞன் கோபத்தில் அவள் பெயரையும் சிலைகளையும் நொறுக்கினான்.

கதை நன்றாக இருக்கிறது. அதில் மாற்றாந்தாய் இருக்கிறாள், பொறாமை இருக்கிறது, பழிவாங்கல் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பெரிய பெரிய எகிப்தியவியல் அறிஞர்கள் இதையே வரலாறாக எழுதினார்கள். பதவிவெறி, தற்பெருமை என்ற சொற்கள் அவள் பெயரை ஒட்டி வந்தன. அவள் கண்டிப்பாகத் தனியாக ஆண்டிருக்க முடியாது, செனென்முட்தான் பின்னால் இருந்திருப்பார் என்றார்கள். கோயிலுக்கு மேலே இருக்கும் ஒரு பாறைக் குகையில் யாரோ கிறுக்கிய ஆபாசப் படம் இருக்கிறது. படத்தின் மேல் பெயர் எதுவும் இல்லை. ஆனாலும் அது அவளும் செனென்முட்டும்தான் என்று முடிவு கட்டினார்கள். பெயர் அழிக்கப்பட்ட பெண்ணைப் பெயரில்லாத கிறுக்கலில் கண்டுபிடிக்க அறிஞர்களுக்குச் சிரமமே இருக்கவில்லை.

1966-இல் சார்லஸ் நிம்ஸ் என்ற ஆய்வாளர் கர்னாக் கோயிலின் கட்டுமான வரிசையை வைத்து ஒன்றைக் காட்டினார். அழிப்பு வேலை மூன்றாம் துத்மோஸின் 42ஆம் ஆண்டுக்கு முன்னால் தொடங்கியிருக்க முடியாது. அதாவது அவள் இறந்து ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்துத்தான் உளியை எடுத்தார்கள். 20 ஆண்டு காத்திருந்து வரும் கோபத்தைக் கோபம் என்று சொல்ல முடியுமா? உயிரோடிருந்தபோது இருவருக்கும் பகை என்பதற்கும் சான்றில்லை. ஆட்சியாண்டுகள் அவன் பெயரிலேயே எண்ணப்பட்டன. கர்னாக்கின் செந்நிறக் கல் கோயிலில் இருவரும் ஒரே உருவம், ஒரே உடையில் முன்பின்னாக நடக்கிறார்கள். பெயரைப் படித்தால்தான் யார் யாரென்று தெரியும். கொல்லவோ ஒழிக்கவோ நினைத்தவள் வளரும் பிள்ளைக்குப் போர்ப்பயிற்சி கிடைக்க விட்டிருக்க மாட்டாள். பின்னாளில் அவன் எகிப்தின் மிகப் பெரிய போர்வீர மன்னன் ஆனான்.

எல்லா உடைப்பும் ஒரே நோக்கம் கொண்டதில்லை என்பதும் தெரிகிறது. 1920-களில் ஹெர்பர்ட் வின்லாக் குழிகளிலிருந்து தோண்டியெடுத்த சிலைத் துண்டுகளின் பதிவுகளை மறுபடி ஆராய்ந்து 2025-இல் வெளிவந்த கட்டுரை, பல சிலைகள் கழுத்து, இடை, முழங்கால் என்று குறிப்பிட்ட இடங்களில் உடைக்கப்பட்டிருப்பதைச் சுட்டுகிறது. இறந்த மன்னர்களின் சிலைகளிலிருந்து ஆற்றலை நீக்க எகிப்தியர் செய்த வழக்கமான சடங்கு அது. சிலைகளுக்கு வேறு மன்னர்களுக்குக் கிடைத்த கதிதான். ஆனால் சுவர்களில் பெயர் கொத்தியதைச் சடங்கு என்று தள்ளிவிட முடியாது.

அந்த உளி எங்கே இறங்கியது, எங்கே இறங்கவில்லை என்று பார்க்க வேண்டும். மன்னராக அவள் நிற்கும் இடங்களில் இறங்கியது. மன்னனின் மனைவியாக, கடவுளின் மனைவியாக அவள் நிற்கும் இடங்களைப் பெரும்பாலும் தொடவில்லை. அழிக்க வேண்டியிருந்தது அவளை அல்ல, அவள் மன்னராக இருந்தாள் என்பதை. அப்போது மூன்றாம் துத்மோஸுக்கு முதுமை. மகன் இரண்டாம் ஆமென்ஹோதெப்புக்கு அரியணை சிக்கலின்றிப் போய்ச்சேர வேண்டும். அரச குலத்து மகள் ஒருத்தி மன்னராகலாம், நன்றாகவும் ஆளலாம் என்பதற்குச் சுவர் சுவராக முன்னுதாரணம் இருந்தால் அது வருங்காலத்துக்கு நல்லதல்ல. ஆய்வாளர் பலர் ஏற்கும் விளக்கம் இது. தனிப்பட்ட வெறுப்பைவிட இது எனக்கு அதிக அச்சம் தருகிறது. வெறுப்பு ஆளோடு போய்விடும். முன்னுதாரணத்தை அழிப்பது நிர்வாக வேலை. அதை யார் வந்தாலும் செய்வார்கள்.

பிறகு முதலாம் சேத்தி அபிதோஸ் கோயிலில் எழுதிவைத்த மன்னர் பட்டியலில் முதலாம், இரண்டாம், மூன்றாம் துத்மோஸ்கள் வரிசையாக இருக்கிறார்கள். இடையில் ஒரு இடைவெளிகூட இல்லை.

வேலை முழுமையாக நடக்கவில்லை என்பதுதான் நமக்குக் கிடைத்த நல்லூழ். சில இடங்களில் உருவத்தைக் கொத்தியவர்கள் அதன் ஓரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். வெட்டுக்குழியே அவள் வடிவில் இருக்கிறது. சில இடங்களில் பெயரை மாற்றியவர்கள் பக்கத்திலிருந்த அரைவட்டங்களை மறந்தார்கள். கர்னாக்கில் அவள் கல் ஊசிகளைச் சுற்றிச் சுவர் எழுப்பி மறைத்தார்கள். அந்தச் சுவர் வெயிலையும் மணற்காற்றையும் தடுத்து எழுத்துகளைப் புதிதுபோலக் காத்தது.

செவிலியின் தரையில்

மூன்றாவது கல்லறை அவளுடையதே அல்ல.

1903-இல் கார்ட்டர் அதே பள்ளத்தாக்கில், கே.வி. 20-க்கு அருகில், அலங்காரமற்ற ஒரு சிறிய குழிக்கல்லறையைத் திறந்தார். கே.வி. 60. முன்பே கொள்ளை போன இடம். பதப்படுத்திய வாத்துகளும், இரண்டு பெண்களின் உடல்களும் இருந்தன. ஒருத்தி பெட்டிக்குள். அதில் ‘அரச செவிலி இன்’ என்று எழுதியிருந்தது. மற்றவள் பெட்டியில்லாமல் வெறுந்தரையில். கார்ட்டருக்கு அங்கே பயனுள்ளதாக ஒன்றும் படவில்லை, மூடிவிட்டார். 1906-இல் திறந்த எட்வர்ட் அயர்ட்டன் பெட்டியோடு இருந்த உடலைக் கெய்ரோவுக்கு அனுப்பினார். தரையில் கிடந்தவள் தரையிலேயே விடப்பட்டாள்.

அந்தச் செவிலி சித்ரே-இன், ஹட்செப்சுட்டுக்குப் பால் கொடுத்து வளர்த்தவள். மன்னர் பதவியிலிருந்த ஹட்செப்சுட் அவளுக்குச் சிலை வைத்தாள். உடைந்து கிடைத்த அந்தச் சிலையில் செவிலியின் மடியில் சின்ன உருவமாக உட்கார்ந்திருப்பது மன்னர்.

தரையில் கிடப்பவள் ஹட்செப்சுட்டாக இருக்கலாம் என்று முதலில் எழுதியவர் எலிசபெத் தாமஸ் என்ற பெண் ஆய்வாளர். 1966-இல், தீப்ஸ் நகரத்து அரச கல்லறைகள் பற்றிய தன் நூலில். நிம்ஸ் கட்டுரை வந்த அதே ஆண்டு. 1989-இல் டொனால்ட் ரயன் கே.வி. 60-ஐ மறுபடி திறந்தபோது அந்த உடல் அங்கேயே இருந்தது. இடது கை மார்பின் குறுக்கே மடங்கி, கை எதையோ பற்றியிருந்ததுபோல மூடியிருந்தது. அரச குலப் பெண்களைப் பதப்படுத்தும் முறை அது.

2007-இல் ஜாஹி ஹவாஸ் தலைமையிலான எகிப்தியக் குழு ஊடுகதிர்ப் படங்கள் எடுத்தது. 1881-இல் அறியவந்த மன்னர் உடல்களின் மறைவிடத்தில் ஹட்செப்சுட்டின் பெயர் பொறித்த மரப்பெட்டி ஒன்று கிடைத்திருந்தது. அதற்குள் பதப்படுத்திய உள்ளுறுப்போடு ஒரு கடைவாய்ப் பல்லும் இருந்தது. தரையில் கிடந்தவளின் வாயில் ஒரு பல் இல்லை. அந்த இடத்துக்கு இந்தப் பல் பொருந்துகிறது என்று அறிவித்தார்கள். பல்லின் வேர்களை வைத்தே இதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். விவாதம் முடியவில்லை.

அந்த உடல் 50 வயதைத் தொட்ட ஒருத்தியுடையது. பருத்தவள். பற்கள் சொத்தை. எலும்புவரை பரவிய புற்றுநோய். நீரிழிவும் இருந்திருக்கலாம் என்றார்கள். செய்தி வந்தபோது பல இதழ்கள் அவள் பருமனைத்தான் தலைப்பாக்கின. கொடியிடைச் சிலைகளுக்குப் பின்னால் இருந்தது இதுதானா என்கிற ஏளனம் அதில் இருந்தது. வலியோடு, சீழ்பிடித்த பல்லோடு, ஒரு நாட்டை நடத்திய வயதான பெண் என்று யாருக்கும் எழுதத் தோன்றவில்லை. பன்ட் அரசி அத்தியின் இடத்தில் இப்போது அவள் நின்றாள்.

அந்த உடல் அவளுடையதுதான் என்றால், முடிவில் நடந்தது இது: மனைவிக்கு வெட்டிய கல்லறையில் அவள் படுக்கவில்லை. மன்னருக்கு வெட்டிய கல்லறையிலிருந்து யாரோ அவளை எடுத்துவிட்டார்கள். எடுத்தவர்களுக்கு அவளை எங்கே வைப்பதென்று ஒரு இடம் தோன்றியிருக்கிறது. பெயர், பேழை, பெட்டி எதுவும் இல்லாமல், பால் கொடுத்தவளின் பக்கத்தில். எதிரிகள் செய்ததா, திருடர்களிடமிருந்து காப்பாற்ற நினைத்த பூசாரிகள் செய்ததா என்று எந்தச் சுவரிலும் எழுதியிருக்கவில்லை. காப்பாற்ற நினைத்தவர்கள் என்று நம்பவே நான் விரும்புகிறேன். மன்னனின் மகள், மன்னனின் சகோதரி, மன்னனின் மனைவி என்ற உறவுகளெல்லாம் போன பிறகு மிஞ்சிய ஒரே உறவில் ‘மன்னனின்’ என்ற சொல் இல்லை.

2021 ஏப்ரல் 3 அன்று கெய்ரோவில் பழைய அருங்காட்சியகத்திலிருந்து புதியதற்கு 22 அரச உடல்களை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். ஒவ்வொருவருக்கும் தனி வண்டி, பெயர்ப்பலகை, பீரங்கி மரியாதை. உலகம் முழுவதும் நேரலையில் பார்த்தது. செய்திகள் எல்லாவற்றிலும் ஒரே கணக்கு: 18 மன்னர்கள், 4 அரசிகள். ஹட்செப்சுட்டை அந்த 4-இல் சேர்த்திருந்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல. பெண் என்றால் அரசி, ஆண் என்றால் மன்னர் என்ற பழக்கம்தான். ஆனால் அவள் காலத்து மொழியில் அரசி என்றால் மன்னனின் மனைவி. உளிக்காரர்கள் விட்டுவைத்த அந்தப் பட்டத்தைத்தான் நாமும் அவளுக்குக் கொடுத்து அனுப்பினோம்.

கர்னாக் கல் ஊசியின் அடியில் அவள் எழுதிய ஒரு பகுதி எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். இந்தக் கல்லைப் பல ஆண்டுகள் கழித்துப் பார்ப்பவர்கள் என்னைப் பற்றி என்ன சொல்வார்களோ என்று நினைத்து மனம் இங்குமங்கும் அலைகிறது என்கிறாள். 3,400 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. சூழ்ச்சிக்காரி என்றார்கள், மாற்றாந்தாய் என்றார்கள், ஆண்வேடக்காரி என்றார்கள், குண்டுப் பெண் என்றார்கள்.

அடுத்த பருவத்தில் வினைமுற்று நடத்தும்போது இவளைப் பற்றி வகுப்பில் சொல்லலாம் என்றிருக்கிறேன். தமிழில் ‘ஆண்டாள்’ என்ற சொல் ஒரு பெயராகவே நமக்குப் பழகிவிட்டதால், அது ஒரு வினைமுற்று என்பதையே மாணவிகள் மறந்துபோகிறார்கள். இறந்தகாலம், படர்க்கை, ஒருமை, பெண்பால். எழுவாய் யார் என்று கேட்பேன். விடைத்தாளில் இனி யாராவது ‘அவள்’ என்று எழுதினால் சிவப்பு மையால் திருத்தப்போவதில்லை.